வேர்சிகிச்சையின் நடுவே வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேர்சிகிச்சையின் முதல் நாள் வேலை முடிந்ததும், "உள்ளே மருந்து வைத்து மூடியிருக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். அந்த ஒரு வரியிலிருந்து எத்தனை ஐயங்கள் கிளம்புகின்றன என்பதை இத்தனை ஆண்டுகளில் நன்றாகவே தெரிந்துகொண்டேன். உதடு மரத்துப்போய் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் எதுவும் கேட்கத் தோன்றாது. வீட்டுக்குப் போய் மரப்பு தெளிந்த பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் கேட்டவையும் சில உண்டு.

1. பல்லுக்குள் என்ன மருந்து வைத்து மூடினீர்கள்?

பெரும்பாலும் அது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெள்ளைத் தூளாகவோ, ஊசிக்குழலில் அடைத்த பசையாகவோ வரும். வேரின் நடுவே ஓடும் மெல்லிய கால்வாயைச் சுத்தம் செய்து உலர்த்திய பிறகு, அதன் நீளம் முழுவதும் இந்தப் பசையை நிரப்பி, மேலே தற்காலிகமாக அடைத்துவிடுவோம். அடுத்த வருகையில் அதை முழுவதும் கழுவி எடுத்துவிட்டு நிரந்தரமாக நிரப்புவோம்.

இது புதிய மருந்தன்று. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மான் என்பவர் 1920இல் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். நூறாண்டு கடந்தும் இது பயன்பாட்டில் இருக்கிறது.

2. அது வெறும் சுண்ணாம்புதானே? அதை நானே பல் குழியில் வைத்துக்கொண்டால் என்ன?

வேதியியல்படி இரண்டும் ஒன்றே. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனாலும் வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது. மருந்தாக வருவது தூய்மைப்படுத்தப்பட்டது. கட்டடச் சுண்ணாம்பில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும். அதைவிட முக்கியமான காரணம், இது கடுமையான காரம். ஈறிலோ நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ பட்டு நின்றால் புண்ணாக்கிவிடும். நாங்கள் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டிக்கொண்டு, கால்வாயின் நீளத்தை அளந்து, அதற்குள் மட்டும் வைக்கிறோம். குழியின் மேல் அப்பிய சுண்ணாம்பு வேரின் நுனிவரை போகாது. கிருமி இருப்பதோ அங்கேதான்.

3. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்களே, என்னை மட்டும் ஏன் இழுத்தடிக்கிறீர்கள்?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. கோபம் நியாயமானதும்கூட, ஒவ்வொரு வருகைக்கும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது.

பற்கூழ் (பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) உயிரோடு இருந்து, அழற்சியால் மட்டும் வலிக்கிறது என்றால் வேரின் உட்பகுதியில் கிருமி அநேகமாக இன்னும் இறங்கியிருக்காது. அப்படிப்பட்ட பல்லை ஒரே அமர்வில் முடிக்கலாம், நானும் முடிக்கிறேன். பற்கூழ் இறந்துபோய், எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றி எலும்பு கரைந்த நிழல் தெரிகிறது, அல்லது கால்வாயிலிருந்து சீழோ நீரோ கசிந்துகொண்டே இருக்கிறது என்றால் நிலைமை வேறு. ஈரம் நிற்காத கால்வாயை நிரந்தரமாக நிரப்ப முடியாது. அங்கே இந்த மருந்து ஒரு வாரம் இருந்தால் அடுத்த முறை திறக்கும்போது பெரும்பாலும் உலர்ந்திருக்கும். நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டி வந்தாலும் கால்வாயைக் காலியாக விடக்கூடாது. காலியான இடத்தில், மிஞ்சிய கிருமிகள் சில நாள்களிலேயே மீண்டும் பெருகிவிடும்.

4. சுத்தம் செய்தாயிற்று என்றுதானே சொன்னீர்கள், பிறகு கிருமி எங்கிருந்து வருகிறது?

வேர்க்கால்வாயை வழவழப்பான ஒற்றைக் குழாயாகக் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அது ஆற்றின் கழிமுகத்தைப் போன்றது. கிளை பிரியும், சேரும், சில இடங்களில் பட்டையாக அகலும், நுனிக்கு அருகே மயிரிழை போன்ற பல வாய்களாகப் பிரிந்து வெளியேறும். நாங்கள் பயன்படுத்தும் அரக்கருவிகள் எவ்வளவு நுட்பமானவையாக இருந்தாலும், கால்வாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலேயோ தொடுவதே இல்லை என்று நுண்தள எக்ஸ்ரே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொடாத இடங்களுக்குத்தான் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தைப் பாய்ச்சிக் கழுவுகிறோம். பல்லுக்குள் குளோரின் வாடை அடித்தது என்று சிலர் சொல்வது இதைத்தான்.

அதோடு முடியவில்லை. சுவர் டென்டின் என்ற பல்லின் உட்பொருளால் ஆனது. டென்டின் முழுவதும் நுண்குழல்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம். ஒவ்வொன்றின் விட்டமும் ஒன்றிரண்டு மைக்ரான். ஒரு பாக்டீரியா தாராளமாக நுழைந்து ஒளிந்துகொள்ளப் போதுமான அகலம் அது. அரத்தின் கை அங்கே நீளாது. கழுவும் திரவமும் சில நிமிடங்களில் ஓரளவு ஆழம்தான் போகும். நாள்கணக்கில் தங்கி, மெல்ல மெல்ல ஊறிச் செல்லும் ஒன்று தேவைப்படுவது அதனால்தான்.

5. இந்த மருந்து கிருமியை எப்படிக் கொல்கிறது?

ஈரம் பட்டதும் இது கால்சியம் அயனியாகவும் ஹைட்ராக்சில் அயனியாகவும் பிரிகிறது. வேலை செய்வது ஹைட்ராக்சில். பசையின் காரத்தன்மை பிஎச் அளவில் ஏறத்தாழ 12.5; நடுநிலையான நீர் 7. அந்தக் காரத்தில் பாக்டீரியாவின் மேலுறை சிதைகிறது, புரதங்கள் உருக்குலைகின்றன, மரபணு இழையும் சேதமாகிறது.

இன்னொரு பணியும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதே அளவு மதிப்புள்ளது. சில வகைப் பாக்டீரியாக்கள் செத்த பிறகும் அவற்றின் மேலுறையில் இருந்த நச்சு கால்வாயில் கிடக்கும். வேர்நுனி எலும்பு கரைவதற்கு அந்த நச்சும் காரணம். கால்சியம் ஹைட்ராக்சைடு அதைச் செயலிழக்கச் செய்கிறது.

நீரில் மிகக் குறைவாகவே கரைவது இதன் குறையாகத் தோன்றலாம். ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராம்கூடக் கரையாது. ஆனால் அதுவே நமக்குச் சாதகம். ஒரே நாளில் கரைந்து தீர்ந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அயனிகளை விட்டுக்கொண்டே இருக்கும்.

6. எத்தனை நாள் உள்ளே இருக்க வேண்டும்? இரண்டு நாளில் வந்தால் ஆகாதா?

ஏழு நாளுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பத்து நிமிடம் வைத்து எடுத்தால் பயன் இல்லை என்றும், ஏழு நாள் வைத்தபோது கால்வாயில் எஞ்சியிருந்த பாக்டீரியாக்கள் ஒழிந்தன என்றும் 1991இல் ஸ்கேன்டிநேவியாவில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. பலரும் ஒரு வாரத்தை அளவாக வைத்திருப்பதற்கு அடிப்படை அதுதான்.

சில நேரங்களில் இரண்டு மூன்று வாரம் ஆகட்டும் என்று சொல்வேன். ஹைட்ராக்சில் அயனிகள் கால்வாயை ஒட்டிய டென்டினுக்கு ஒரு நாளுக்குள் போய்விடும். வேரின் வெளிப்புறம்வரை ஊறி உச்ச அளவை எட்ட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அங்கேயும்கூடக் காரத்தன்மை 9 அளவில்தான் நிற்கும், உள்ளே இருப்பதுபோல் 12 இருக்காது. போகும் வழியில் டென்டினே காரத்தை உறிஞ்சித் தணித்துவிடுகிறது. வேரின் வெளிப்புறத்தில் பிரச்சினை உள்ள பற்களுக்கு (19ஆம் கேள்வியைப் பாருங்கள்) இந்தக் கணக்கு மிக முக்கியம்.

7. மருந்து வைத்த பிறகுதான் வலியே அதிகமானது. தவறான மருந்தா?

தவறான மருந்தன்று. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: இது வலி நிவாரணி அன்று. கிருமியைக் குறைப்பதால் நாளடைவில் வலி குறையும். அன்றிரவே குறைக்கும் ஆற்றல் இதற்கு இல்லை. முதல் நாளில் கருவிகள் வேர்நுனிவரை போய் வந்திருக்கின்றன, கழுவியிருக்கிறோம், சில துகள்கள் நுனியைத் தாண்டித் தள்ளப்பட்டிருக்கலாம். அங்குள்ள திசு இதற்கு எதிர்வினை காட்டுகிறது. இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிப்பது, பல் சற்று உயர்ந்ததுபோல் தோன்றுவது இயல்பு. மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை, வலி ஏறும்வரை காத்திராமல், சொன்ன வேளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும்போது இந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். தற்காலிக அடைப்பைச் சற்றே தேய்த்துவிட்டால் பல நேரம் அங்கேயே பாதி வலி போய்விடும்.

8. முகம் வீங்கிவிட்டது. காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். உள்ளே அழுத்தம் சேர்ந்திருந்தால் பல்லைத் திறந்து வடியவிட வேண்டியிருக்கும்.

வீக்கத்தோடு காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்குவதிலோ மூச்சுவிடுவதிலோ சிரமம், கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவும் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவமனை திறக்கும்வரை பொறுக்காமல், இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இது அடிக்கடி நடப்பதில்லை. நடக்கும்போது சில மணி நேரத் தாமதமே உயிருக்கு ஆபத்தாகலாம்.

9. மேலே வைத்த அடைப்பு கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. பரவாயில்லையா?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உள்ளே வைத்த மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மேல் அடைப்பு கசிந்தால் எல்லாம் வீண். எச்சிலின் ஒவ்வொரு துளியிலும் லட்சக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. அவை உள்ளே போவதோடு, எச்சில் மருந்தையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும்.

தற்காலிக அடைப்பு குறைந்தது மூன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால்தான் கசியாமல் காக்கும். மேற்பரப்பில் சிறு துணுக்கு உதிர்ந்து, பள்ளம் ஆழமாக இல்லை என்றால் அடுத்த நாள் அழைத்துச் சொன்னால் போதும். பாதி போய்விட்டது, நாக்கு நுனி குழிக்குள் நுழைகிறது, அடைப்புக்கு அடியில் வைத்த பஞ்சு தெரிகிறது என்றால் அன்றோ மறுநாளோ போய் மறுபடி அடைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் விழுந்து சில நாள் ஆகிவிட்டிருந்தால் மருத்துவர் பழைய மருந்தைக் கழுவி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பார். 6ஆம் கேள்வியில் சொன்ன ஏழு நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் வீட்டில் இருக்கும் பசை, மெழுகு, பஞ்சு எதையும் திணிக்காதீர்கள்.

10. எப்போது சாப்பிடலாம்? எந்தப் பக்கம் மெல்லலாம்?

மரப்பு தெளியும்வரை எதையும் மெல்ல வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். வழக்கமான தற்காலிக அடைப்பு எச்சிலின் ஈரத்தில்தான் இறுகும், அதற்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். நிரந்தர வேலை முடியும்வரை மறுபக்கம் மெல்லுங்கள். பல் துலக்குவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

11. வாயில் கசப்பாக, சோப்பு போல ஒரு சுவை வருகிறது.

வைத்த அன்று வந்தால், மேலே ஒட்டியிருந்த சிறு மிச்சமாக இருக்கலாம், கொப்பளித்தால் போய்விடும். விழுங்கிவிட்டோமே என்று பயப்படாதீர்கள், அந்தச் சிறு அளவு ஒன்றும் செய்யாது. நாலைந்து நாள் கழித்துத் திடீரென்று வந்தால் அடைப்பு கசிகிறது என்று எடுத்துக்கொண்டு 9ஆம் பதிலின்படி செய்யுங்கள்.

12. வலி முழுவதும் போய்விட்டது. இனி வராவிட்டால் என்ன ஆகும்?

வலி போனது பற்கூழை எடுத்ததாலும் கிருமி குறைந்ததாலும்தான். சிகிச்சை முடிந்துவிட்டதால் அன்று. என்னிடம் வந்த ஒருவர் முதல் அமர்வுக்குப் பிறகு வலியில்லை என்று எட்டு மாதம் வரவில்லை. ஒரு மாலை எதையோ கடித்தபோது பல் நெடுக்காகப் பிளந்துவிட்டது. கீழ்க் கடைவாய்ப்பல், வேர்கள் இரண்டும் உறுதியாக இருந்த நல்ல பல். அதை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் என்னைக் குறைசொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு, தேதி குறிக்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

நடப்பது இதுதான். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்காகவே உருவாக்கப்பட்டது. அது தேய்ந்து கசிந்ததும் கால்வாய் மறுபடி கிருமியால் நிறைகிறது. பற்கூழ் இல்லாததால் வலியாகத் தெரிவதில்லை. இன்னொரு பக்கம், நடுவில் பெரிய ஓட்டை போட்ட பல் உறையில்லாமல் முழுக் கடிச்சுமையையும் தாங்குகிறது. ஊருக்குப் போக வேண்டும், தேர்வு இருக்கிறது, உடம்பு சரியில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீண்ட நாள் தாங்கும் வேறு அடைப்பு போட்டு அனுப்ப முடியும்.

13. இவ்வளவு நல்ல மருந்து என்றால் அதையே நிரந்தரமாக விட்டுவிடலாமே?

முடியாது. இது இறுகுவதில்லை. மாதங்கள் போகப் போகத் திசுநீரில் கரைந்து, கால்வாயில் வெற்றிடம் விழும். நிரந்தர நிரப்புக்குக் கரையாத, சுருங்காத பொருள் வேண்டும். அதனால்தான் கட்டாப்பெர்ச்சா என்ற மரப்பால் பொருளையும் அதைச் சுவரோடு ஒட்டும் பசையையும் பயன்படுத்துகிறோம்.

14. கால்சியம் என்பதால் பல் பலமாகும் அல்லவா?

பெயரைக் கேட்டதும் எழும் நம்பிக்கை இது. பல்லுக்குள் வைத்த கால்சியம் பல்லைக் கட்டிக்கொடுப்பதில்லை. நீண்ட காலம் விட்டால் நடப்பது நேர்மாறு. டென்டினின் கனிமத் துகள்களைப் பிணைத்து வைத்திருப்பது புரதம். கடுங்காரம் மாதக்கணக்கில் பட்டால் அந்தப் பிணைப்பு தளர்கிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வேர் முழுதாக வளராத ஆட்டுப் பற்களில் இந்த மருந்தை வைத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ ஓராண்டில் பல்லின் வலிமை பாதியாகக் குறையும் என்று கண்டார்கள். ஒரு வாரம், ஒரு மாதம் வைப்பதற்கு இந்த அச்சம் தேவையில்லை. மாதக்கணக்கில் மறந்துவிடுவதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

15. எக்ஸ்ரேயில் வேருக்கு வெளியே வெள்ளையாகத் தெரிகிறதே, மருந்து வெளியேறிவிட்டதா?

பசையில் பேரியம் சல்ஃபேட் போன்ற ஒன்றைச் சேர்ப்பதால்தான் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிறது. நுனியைத் தாண்டிச் சிறு புள்ளி அளவு போயிருந்தால் ஓரிரு நாள் வலி கூடலாம். கால்சியம் ஹைட்ராக்சைடை உடல் நாளடைவில் கரைத்துவிடும். பேரியத்தின் நிழல் மட்டும் சில காலம் படத்தில் நிற்கலாம்.

பெரிய அளவில் வெளியேறுவது வேறு கதை. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்கு அருகே உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. ஊசியைக் கால்வாயில் இறுக நுழைத்து அழுத்தித் தள்ளியதால் மருந்து அந்த நரம்பின் வழித்தடத்துக்குள் போய், உதடு மரத்தே போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதானது, ஆனால் கடுமையானது. மருந்து வைக்கும்போதே தீயாய் எரியும் வலி வந்தால் கையை உயர்த்துங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஊசி போட்ட மரப்பு தெளிய வேண்டிய நேரம் கடந்தும் உதடோ தாடையோ மரத்தே இருந்தால் அன்றைக்கே தெரிவியுங்கள். மாணவர்களுக்கு: ஊசியை நுனியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் நிறுத்துங்கள், அது தளர்வாக அசைகிறதா என்று பாருங்கள், மெல்ல அழுத்திக்கொண்டே பின்னுக்கு இழுங்கள்.

16. அடுத்த வருகையில் அதை முழுவதும் எடுத்துவிட முடியுமா?

மாணவர்கள் எளிது என்று நினைத்து ஏமாறும் இடம் இது. வெறும் நீரில் கழுவினால் போகாது, குறிப்பாக நுனிப்பகுதியில். அரக்கருவியால் கிளறி, சோடியம் ஹைப்போகுளோரைட், பிறகு 17 விழுக்காடு இடிடிஏ திரவம் என்று மாற்றி மாற்றிக் கழுவி, மீயொலிக் கருவியால் அதிரவைத்தால் பெரும்பகுதி வெளியேறும். அப்படியும் ஒரு துளிகூட மிஞ்சாது என்று உறுதி சொல்ல முடியாது. மிஞ்சினால், நிரந்தரப் பசை சுவரோடு ஒட்டுவது கெடும். யூஜினால் கலந்த பசையாக இருந்தால் அதனோடு வினைபுரிந்து சீக்கிரமாகவும் ஒழுங்கற்றும் இறுகிவிடும். இரண்டாம் அமர்வில் மருத்துவர் வெறுமனே கழுவிக்கொண்டே இருக்கிறாரே என்று தோன்றினால், அந்த நேரம் வீணன்று.

17. மூன்று முறை மருந்து மாற்றியும் சரியாகவில்லை. மருந்துக்கும் அடங்காத கிருமி உண்டா?

உண்டு. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா அவற்றில் பேர்பெற்றது; முன்பே வேர்சிகிச்சை செய்து தோற்றுப்போன பற்களில் அடிக்கடி காணப்படுவது. தன் உடலுக்குள் ஹைட்ரஜன் அயனிகளை இறைத்து உள்ளே காரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. பிஎச் 11.5 அளவுவரை தாங்கும். 6ஆம் பதிலில், டென்டின் காரத்தைத் தணிக்கிறது என்று சொன்னேன் அல்லவா? நுண்குழல்களுக்குள் காரம் 11.5ஐத் தொடுவதே இல்லை என்பதால் அங்கே ஒளிந்தது பிழைத்துக்கொள்கிறது. கேன்டிடா என்ற பூஞ்சையும் இதற்கு எளிதில் அடங்காது. இத்தகைய பற்களுக்குச் சிலர் நீருக்குப் பதிலாக 2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் கலந்து வைப்பார்கள்.

ஆனால் மூன்றாம் முறையும் அதே மருந்தை வைக்கும் முன் மருத்துவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு. கண்டுபிடிக்காமல் விட்ட கால்வாய் இருக்கிறதா? மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவது கால்வாய் தவறிப்போவது மிகவும் சகஜம். வேரில் விரிசலா? அடைப்பு கசிகிறதா? பழைய சிதைவு ஓரத்தில் மிஞ்சியிருக்கிறதா? இவற்றில் எதையும் மருந்தால் ஈடுகட்ட முடியாது. நீங்களும் தயங்காமல் இதைக் கேட்கலாம்; வேர்சிகிச்சை நிபுணரிடம் அனுப்பச் சொல்வதிலும் தவறில்லை.

18. ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் இந்த மருந்தே தேவையில்லையே?

மாத்திரை ரத்தத்தின் வழியே போகிறது. இறந்த பற்கூழில் ரத்த ஓட்டமே இல்லை. ஆகவே கிருமி குடியிருக்கும் இடத்துக்கு மாத்திரை போய்ச் சேருவதில்லை. 8ஆம் பதிலில் சொன்னதுபோல் தொற்று பல்லைத் தாண்டிப் பரவினால் மட்டுமே அது வேண்டும், அப்போதும் பல்லுக்குள் செய்ய வேண்டியதைச் செய்தபிறகே பலன்.

19. கீழே விழுந்து பல் வேரோடு வந்துவிட்டது, திரும்பப் பொருத்தினார்கள். அதற்கும் இதே மருந்தா?

ஆம், இந்த மருந்து தன் முழு மதிப்பையும் காட்டும் இடங்களில் ஒன்று அது. பிடுங்கி வந்த பல்லின் வேர்மேற்பரப்பு காயப்பட்டிருக்கும். உள்ளே பற்கூழ் அழுகினால் அதன் நச்சு நுண்குழல்கள் வழியே வெளிப்புறக் காயத்தை அடைந்து, உடலின் செல்களே வேரை அரிக்கத் தொடங்கும். சில வாரங்களிலேயே வேர் பாதியாகிவிடலாம். அதனால் வேர் முழுதாக வளர்ந்த பல்லாக இருந்தால், பொருத்திய இரண்டு வாரத்துக்குள் வேர்சிகிச்சையைத் தொடங்கி, கால்சியம் ஹைட்ராக்சைடை ஒரு மாதம்வரை வைத்து, பிறகு நிரப்ப வேண்டும் என்பது பல் காயங்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல். வேர்நுனி இன்னும் திறந்திருக்கும் சிறுவர் பல்லில் பற்கூழ் மறுபடி உயிர்பெற வாய்ப்பு உண்டு. அங்கே அவசரப்படாமல் கண்காணிப்பார்கள்.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: நிரந்தரப் பல் வேரோடு வந்தால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுங்கள். அழுக்கிருந்தால் லேசாக அலசி, உடனே அதே குழியில் வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்து ஓடுங்கள். உலரவிட்ட ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது.

20. என் பிள்ளைக்கு முன்பல் உடைந்து இறந்துவிட்டது. ஓராண்டு மருந்து மாற்ற வேண்டும் என்கிறார்களே?

எட்டு, ஒன்பது வயதில் முன்பல்லின் வேர்நுனி குழலைப் போலத் திறந்திருக்கும், நிரப்பினால் நிற்காது. கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்தால் நுனியில் கடினமான ஒரு திரை உருவாகும் என்பது 1960களிலிருந்து கடைப்பிடிக்கப்பட்ட முறை. ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுவரைகூட ஆகும். பல பிள்ளைகளின் பற்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 14ஆம் பதிலில் சொன்ன பலவீனம் இங்கேதான் சுடுகிறது. ஏற்கெனவே மெல்லிய சுவர். சிறு இடியிலும் பல்லின் கழுத்தருகே முறிந்துவிடுகிறது.

1990களில் எம்டிஏ என்ற சிமென்ட் வந்த பிறகு நுனியை ஓரிரு அமர்விலேயே அடைத்துவிட முடிகிறது. அதற்கு முன் ஓரிரு வாரம் மட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தால் போதும். வேரையே தொடர்ந்து வளரவைக்க முயலும் புத்துயிர்ப்பு முறையும் இருக்கிறது. அதிலும் இடையில் ஒன்று முதல் நான்கு வாரம் இந்த மருந்தை வைப்பதுண்டு. உங்கள் மருத்துவரிடம் இந்த இரண்டு வழிகளும் பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஓராண்டு முறை தவறு என்று சொல்ல மாட்டேன். வேறு வழி இருந்தும் அதைத் தேர்ந்தெடுத்தால் காரணம் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

21. பால்பல்லுக்கு இதையே நிரந்தரமாக வைத்தார்கள். நீங்கள் கூடாது என்றீர்களே?

நல்ல கேள்வி. 13ஆம் பதில் நிரந்தரப் பற்களுக்கானது. பால்பல்லின் வேர் கரைந்து விழ வேண்டியது. உள்ளே இருக்கும் நிரப்பும் அதோடு சேர்ந்து கரைய வேண்டும். அதனால் அயோடோஃபார்மும் எண்ணெய் ஊடகமும் சேர்த்த கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை அங்கே நிரப்பாகவே விடுகிறார்கள். கரைவது அங்கே குணம், இங்கே குறை.

22. கர்ப்பமாக இருக்கிறேன், வைக்கலாமா? சர்க்கரை நோய் இருந்தால்?

வைக்கலாம். மருந்து பல்லுக்குள்ளேயே நிற்கிறது, ரத்தத்தில் கலந்து குழந்தையைப் பாதிக்கும் அளவு இல்லை. கர்ப்பத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், எக்ஸ்ரே, மாத்திரைகளைத் தேர்ந்தெடுக்க அது வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால் வேர்நுனி ஆறுவது தாமதமாகும். மருந்தை மாற்றுவதைவிடச் சர்க்கரையைக் குறைப்பது அங்கே அதிகம் உதவும்.

23. தூளை நீரில் குழைப்பதா, தயார்ப் பசையா? எது மேல்? (மாணவர் கேள்வி)

ஊடகத்தைப் பொறுத்தது. நீரிலோ உப்புநீரிலோ குழைத்தால் அயனிகள் வேகமாக வெளிப்படும், வேகமாகக் கரைந்தும் போகும். கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற பிசுபிசுப்பான ஊடகத்தில் மெதுவாக வெளிப்பட்டு நீண்ட நாள் நிற்கும். எண்ணெய் ஊடகத்தில் மிக மெதுவாக, எடுப்பதும் கடினம். நிரந்தரப் பல்லில் ஓரிரு வாரத்துக்கு நான் நீர் ஊடகத்தையே விரும்புகிறேன்.

தூள் புட்டியை உடனுக்குடன் மூடுங்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்தால் அது கால்சியம் கார்பனேட்டாகிவிடும். சுவரில் அடித்த சுண்ணாம்பு இறுகுவது அப்படித்தான். பார்க்க அதே வெள்ளை, காரம் போயிருக்கும். வைத்த பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்து நுனிவரை இடைவெளியின்றி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சுவரைத் தொடாத மருந்து சுவருக்குள் ஊறாது. குளோர்ஹெக்சிடின் கலப்பதாக இருந்தால், கால்வாயில் ஹைப்போகுளோரைட் மிச்சம் இல்லாமல் முதலில் அலசிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பழுப்பு நிறத்தில் படிவு உண்டாகி நுண்குழல்களை அடைத்துவிடும்.

24. ஒரே அமர்வோ இரண்டு அமர்வோ, முடிவில் வேறுபாடு இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றனவாமே. அப்படியானால் இந்த மருந்து தேவைதானா?

இது உண்மையாகவே கடினமான கேள்வி. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளில், பல் ஆறும் அளவில் ஒரே அமர்வுக்கும் பல அமர்வுகளுக்கும் இடையே நிறுவத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒரே அமர்வில் நன்றாகக் கழுவி முடிக்கும் மருத்துவரை நான் குறைசொல்லவும் மாட்டேன்.

ஆனால் அந்த ஆய்வுகளில் வருபவை பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிக்கத் தகுந்த பற்கள். உலர்ந்த கால்வாய், வீக்கமில்லாத முகம். நிற்காமல் கசியும் கால்வாயும், வேர் அரிக்கத் தொடங்கிய பல்லும், 17ஆம் பதிலில் பார்த்த பழைய தோல்விகளும் அந்த ஒப்பீட்டுக்குள் அதிகம் வருவதில்லை. நான் மருந்து வைத்து அனுப்புவது அவற்றைத்தான். அவ்வாறு அனுப்பிய பல்லைத் திறக்கும்போது முதலில் பார்ப்பது மூன்றை: பஞ்சு உலர்ந்திருக்கிறதா, வாடை இல்லையா, ஈறில் இருந்த சீழ்க்குமிழ் மூடியிருக்கிறதா. மூன்றும் சரியாக இருந்தால் அன்றே நிரப்புகிறேன். ஒன்று சரியில்லை என்றாலும் காரணத்தைத் தேடி, மறுபடி மருந்து வைத்து மூடுகிறேன்.